பிளாக்பூல் நடனப் போட்டியைப் பார்க்க ஐரோப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மே மாதக் கடைசியில் பதினாறு ராத்திரி ஐரோப்பாவில் இருந்தோம். லண்டனில் 2, பிளாக்பூலில் 6, பாரிஸில் 3, வியன்னாவில் 5. "பிளாக்பூலில் ஆறு நாளா? அங்கே என்ன இருக்கு?" என்று சொந்தக்காரர்களும், எங்கள் நடன வகுப்பில் கூட ஆடுகிறவர்களும், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவும் மாறி மாறிக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவேன்.

நீங்கள் போட்டியில் ஆடினீர்களா?

இல்லை. பார்க்கப் போனோம். எனக்கு 52, அவருக்கு 58. அவர் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய மறு மாதம் சென்னையில் பால்ரூம் வகுப்பில் சேர்ந்தோம்; ஜோடியாக ஆடுகிற மேற்கத்திய நடனம். நான்கு வருடமாக வாரம் இரண்டு நாள். மாநில அளவில்கூட நாங்கள் ஆடியதில்லை. கிரிக்கெட் ஆடத் தெரியாதவர் லார்ட்ஸுக்குப் போவதில்லையா, அது மாதிரி.

அப்படி என்ன இருக்கிறது பிளாக்பூலில்?

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்த ஊர். அந்தக் காலத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வருடத்தில் ஒரு வாரம் விடுமுறைக்கு வந்து போன இடம். கடலுக்குள் நீளும் மூன்று நடைமேடைகள் (பியர்), 1885-லேயே ஓட ஆரம்பித்த மின்சார டிராம், ஈஃபிலைப் பார்த்துக் கட்டி 1894-ல் திறந்த 158 மீட்டர் கோபுரம். கொஞ்சம் பழசாகிப்போன ஊர்தான், மறைக்க வேண்டியதில்லை. சில தெருக்களில் பாதிக் கடைகள் அடைத்துக் கிடக்கின்றன. லண்டனில் டாக்ஸிக்காரர் "எங்கே போறீங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கண்ணாடியில் எங்களை இன்னொரு தரம் பார்த்தார்.

ஆனால் பால்ரூம் ஆடுகிறவர்களுக்கு அந்த ஊர் திருவையாறு. ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் நம்மவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் புரிகிறது. 1920-ல் விண்டர் கார்டன்ஸ் வளாகத்தில் இருக்கும் எம்ப்ரஸ் பால்ரூம் என்ற நடன அரங்கில் முதல் விழா நடந்தது. அது யார் நன்றாக ஆடுகிறார் என்று பார்க்கும் போட்டியே இல்லை. வால்ட்ஸ், டூ-ஸ்டெப், ஃபாக்ஸ்ட்ராட் என்ற மூன்று தாளத்துக்கும் புதிய 'சீக்வென்ஸ்' நடனங்களைக் கண்டுபிடிக்கத்தான் நடத்தினார்கள். சீக்வென்ஸ் என்றால் அரங்கில் உள்ள எல்லா ஜோடியும் ஒரே அடவை ஒரே நேரத்தில் ஆடுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனால்தான் எங்கள் மானம் போகிறது. ஆட்டக்காரர்களுக்கான பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் 1931-ல் சேர்ந்தது. லத்தீன் ஆட்டங்கள் வர 1961 ஆயிற்று. நூறாவது வருடமான 2020-ன் மே மாதம், கொரோனாவால் விழா நடக்கவில்லை.

அந்த அரங்குக்கும் ஒரு கதை உண்டு. 1896-ல் கட்டியது. முதல் உலகப்போரின் கடைசியில், 1918-ல், கடற்படை அதை எடுத்துக்கொண்டு ஆர்33 என்ற ஆகாயக் கப்பலுக்கான வாயுப் பைகளை அங்கே வைத்துத் தைத்தார்களாம். அவ்வளவு பெரிய கூரை. இரண்டு வருடம் கழித்து அதே தரையில் ஃபாக்ஸ்ட்ராட்.

டிவியில் வருகிற 'ஸ்ட்ரிக்ட்லி' நடன நிகழ்ச்சி நடப்பது இந்த அரங்கில்தானே?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இது. பிபிசியின் அந்த நிகழ்ச்சி போவது கோபுரத்துக்கு அடியில் இருக்கும் டவர் பால்ரூமுக்கு. மே மாதப் போட்டி நடப்பது எம்ப்ரஸ் பால்ரூமில். இரண்டுக்கும் நடுவே நடந்தே போகிற தூரம்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும்.

போட்டி எப்படி நடக்கும்? ஜெயிப்பவரை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பால்ரூம் பிரிவில் ஐந்து ஆட்டம்: வால்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப். லத்தீனில் ஐந்து: சா-சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். வயதையும், அமெச்சூரா தொழில்முறையா என்பதையும் வைத்து ஏகப்பட்ட பிரிவுகள்.

ஆரம்பச் சுற்றுகளில் மதிப்பெண் கிடையாது. நடுவர்கள் தரையைச் சுற்றி நின்று, அடுத்த சுற்றில் யாரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எண்ணை மட்டும் குறிப்பார்கள். அந்த எண் ஆணின் முதுகில்தான் இருக்கும். பெண்ணின் உடையில் ஊசி குத்த அவர்களுக்கே மனசு வராது. இப்படிக் குறைந்து குறைந்து 24, 12, கடைசியில் பெரும்பாலும் 6 ஜோடி.

இறுதிச் சுற்றில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர் ஒன்று முதல் ஆறு வரை இடம் கொடுப்பார். அவற்றைக் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, பெரும்பான்மைதான் கணக்கு. ஒன்பது நடுவர்கள் என்று வையுங்கள், பெரும்பான்மை 5. ஒரு ஜோடிக்கு நான்கு பேர் முதலிடம் கொடுத்து, மற்ற ஐந்து பேரும் நான்கு, ஐந்து, ஆறு என்று தள்ளிவிட்டார்கள். இன்னொரு ஜோடிக்கு முதலிடம் கொடுத்தது இரண்டே பேர், ஆனால் வேறு நாலு பேர் இரண்டாமிடம் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் ஐந்து முதலிடம் கிடைக்காததால், "முதலிடமோ இரண்டாமிடமோ கொடுத்தவர்கள் எத்தனை பேர்" என்று எண்ணுவார்கள். இரண்டாவது ஜோடிக்கு ஆறு பேர்; ஆட்டம் அவர்களுக்கு. இதற்குப் பெயர் ஸ்கேட்டிங் முறை. நாலு பேருக்கு ரொம்பப் பிடித்து, ஐந்து பேருக்குப் பிடிக்காமல் போனால் கோப்பை கிடையாது. "எங்க பிராஞ்ச் மேனேஜர் தேர்வு இப்படித்தான் நடந்திருக்கணும்" என்றார் இவர்.

நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் சலிக்காதா?

முதல் நாள் மத்தியானம் சலித்தது, உண்மை. ஆரம்பச் சுற்றில் ஒரே தரையில் ஏகப்பட்ட ஜோடிகள். யாரைப் பார்ப்பது என்றே தெரியாது. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். ஒரு தவறான முழங்கை போதும், நாலு ஜோடி நின்றுவிடும்.

சாயங்காலம்தான் பிடி கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான இங்கிலீஷ்காரர். "ஒரே ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள், அவர்கள் வெளியே போகும்வரை வேறு யாரையும் பார்க்காதே" என்றார். நான் 200-க்கு மேல் ஏதோ ஒரு எண்ணைப் பிடித்தேன். அந்தப் பெண் நீலப் பச்சை கவுன். மூன்று சுற்றுத் தாண்டினார்கள். ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட்டில் அவள் பின்னோக்கி வைக்கிற அடி ஒவ்வொன்றும் இடுப்பிலிருந்து நீண்டு, குதிகால் கடைசியில் தரையைத் தடவி வரும். நான் நாலு வருடமாக வகுப்பில் "பெருவிரலைத் தூக்கு, குதிகாலை இழு" என்று திட்டு வாங்கியது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. நாலாவது சுற்றுக்கு அவர்கள் எண்ணை அழைக்கவில்லை.

இடைவேளையில் மாடிப்படியில் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சின்னக் கம்பி பிரஷ்ஷால் அடித்தோலை, தரையில் பிடிப்பு வர, சரசரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் அத்தனை ஸ்ப்ரே, முடி ஒன்று அசையவில்லை. கண்மை மட்டும் ஓரத்தில் கரைந்திருந்தது. கூட ஆடியவன் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவள் பார்க்காமலே வாங்கிக் குடித்தாள். ஒரு வார்த்தை இல்லை. போட்டியிலிருந்து வெளியே வந்த பிறகும் ஏன் செருப்பைத் தேய்க்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இன்னொன்று: இங்கே வாசிப்பது மேடையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக் குழு. எந்தப் பாட்டு வரும் என்று ஆடுகிறவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. நம் கச்சேரியில் பக்கவாத்தியத்தோடு நடக்கிற உரையாடல் மாதிரி ஒரு பதற்றம் தரையில் தெரியும். பதிவுப் பாட்டுக்கு ஆடுவதில் அது இல்லை.

லத்தீன் நாளில் ஒரு வேடிக்கை. ஆடுகிறவர்கள் எல்லோரும் உடம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் தசை எடுப்பாகத் தெரியவாம். காசு கொடுத்து நம் நிறத்தை வாங்கிப் பூசுகிறார்கள். நம் ஊரில் அதைப் போக்கக் கிரீம் விற்கிறோம்.

விசா எப்படி? ஒரே விசா போதுமா?

போதாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி; பிரிட்டன் அதில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இரண்டு விசா, இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்துதான். அதனால் ஷெங்கனை முதலில் முடித்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குப் பாரிஸில் 3, வியன்னாவில் 5 என்பதால் ஆஸ்திரியா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

எங்கள் தவறையும் சொல்கிறேன். ஒரு டிராவல் ஏஜென்ட்டை நம்பி ஃபாரத்தை விட்டோம். பயண நோக்கம் என்ற இடத்தில் "நடனப் போட்டி" என்று போட்டுவிட்டார். பங்கேற்பதற்கான அழைப்புக் கடிதம் எங்கே என்று கேள்வி வந்தால் என்ன காட்டுவது? நல்லவேளை, சமர்ப்பிக்கும் முன் பார்த்து "சுற்றுலா" என்று மாற்றினோம். பார்வையாளர் டிக்கெட்டைப் பயணத் திட்டத்தோடு இணைத்தோம். யார் நிரப்பினாலும் கடைசியாக நீங்கள் ஒருமுறை படியுங்கள்.

பிளாக்பூலுக்கு எப்படிப் போவது?

லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் பிரெஸ்டன் போய் மாறினால் மொத்தம் மூன்று மணி நேரம் சொச்சம். லண்டன் வேண்டாம் என்றால் மான்செஸ்டரில் இறங்குங்கள். விமான நிலையத்திலிருந்தே பிளாக்பூல் நார்த்துக்கு நேர் ரயில் உண்டு. மறுபடி போனால் நாங்கள் அப்படித்தான் போவோம்.

தங்குமிடம், சாப்பாடு?

விழா வாரத்தில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் கடைசியில் பிடித்த விடுதி நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, எங்கள் அறை நாலாவது மாடி. "லிஃப்ட் இருக்கிறதா" என்று கேட்காமல் விட்டது நான்தான் என்று இன்றுவரை வீட்டில் பேச்சு ஓடுகிறது. கடற்கரைக் காற்று சாதாரணக் காற்று இல்லை. மே மாதக் கடைசியிலும் ஸ்வெட்டர் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

சைவக்காரர்களுக்கும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கிவிடாதீர்கள். வட இங்கிலாந்தின் பல கடைகளில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். "வெஜிடபிள் ஆயிலா?" என்று கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். நாங்கள் கொண்டுபோன புளிக்காய்ச்சலும், விடுதியில் சுடுதண்ணீர்க் கெட்டிலும் பாதி நாட்களைக் காப்பாற்றின. சிப்ஸை வெளியே வைத்துத் தின்றால் கடற்காகம் கையிலிருந்தே பிடுங்கும். இவரிடம் பிடுங்கியது.

என்ன உடுத்திக்கொள்வது?

பகலில் எதுவும் பரவாயில்லை. மாலை அமர்வுக்குப் பெரும்பாலோர் கவுன், கோட் சூட்டில் வருகிறார்கள். நான் இறுதிச் சுற்று நாளில் அரக்குப் பட்டுப் புடவை கட்டினேன். பெண்கள் கழிப்பறை வரிசையில் மூன்று பேர் முந்தானையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார்கள். ஆனால் ஆட வேண்டும் என்றால் புடவை சரிப்படாது. வால்ட்ஸாவது சமாளிக்கலாம், ஃபாக்ஸ்ட்ராட்டில் பின்னால் வைக்கிற நீள அடிக்குக் கொசுவம் இடம் கொடுக்காது. அதற்குச் சுடிதார்தான்.

நடன ஷூ கொண்டுபோக வேண்டுமா?

கட்டாயம், அதுவும் கைப்பையில். அடியில் ஸ்வேட் தோல் இருப்பதால் தெருவில் போட்டு நடக்கக் கூடாது. ஒருமுறை நனைந்தால் வழுக்கவும் வழுக்காது, பிடிக்கவும் பிடிக்காது. பெண்கள் குதிகாலுக்குப் பிளாஸ்டிக் மூடி வாங்கிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் மரத் தரையைக் குத்திவிடும். விண்டர் கார்டன்ஸிலேயே விழா நாட்களில் ஷூ, கவுன், நகை என்று ஒரு சந்தை. இவர் மூன்று கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, ரூபாயில் கணக்குப் போட்டு, மூன்றிலும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

நீங்கள் ஆடவே இல்லையா அப்புறம்?

ஆடினோம். டவர் பால்ரூமில். சின்ன நுழைவுக் கட்டணம்தான், யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1899-ல் திறந்த அரங்கு. மஹாகனி, ஓக், வால்நட் மரத்துண்டுகள் 30,602-ஐக் கோத்த தரை. 1956 டிசம்பரில் தீப்பிடித்து, பழைய தோற்றத்துக்கே திருப்பிக்கொண்டுவர இரண்டு வருடம் ஆனதாம். மேடைக்கு அடியிலிருந்து வுர்லிட்சர் ஆர்கன் மெல்ல எழும்பி வரும், வாசிப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டே.

நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஓரமாக மேசைகளில் டீயும் கேக்கும். ஆடுகிறவர்களில் எழுபதுக்குக் கீழே நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். வால்ட்ஸ் வந்தது. எழுந்தோம். ஒரு சுற்று நன்றாகவே போனது. இவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த பாட்டுக்கும் தரையிலேயே நின்றோம். ஆர்கன்காரர் ஏதோ அறிவித்தார், 'மேஃபேர் குவிக்ஸ்டெப்' என்று காதில் விழுந்தது. குவிக்ஸ்டெப்தானே, தெரிந்ததுதானே என்று இவர் கிளம்பிவிட்டார்.

சீக்வென்ஸ்! நாற்பது ஜோடியும் ஒன்றாக நடக்கிறது, ஒன்றாகத் திரும்புகிறது, ஒன்றாக நிற்கிறது. நாங்கள் மட்டும் ராணுவ அணிவகுப்பில் புகுந்த ஆட்டோ மாதிரி குறுக்கே. எங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி, வெள்ளை கார்டிகன், எண்பதாவது இருக்கும். கோபப்படவில்லை. தன் துணையோடு ஆடிக்கொண்டே என் தோளைத் தட்டி, "லெஃப்ட், லவ், லெஃப்ட்... நவ் ஸ்டாப்!" என்று ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறை அந்த அடவு திரும்பி வந்தபோது நான் பிடித்துவிட்டேன். இவர் பிடிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அந்தப் பாட்டி இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். பாட்டியின் துணை எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அறுபத்தைந்து வருடமாக இந்தத் தரையில் ஆடுகிறார்களாம்.

அன்று ராத்திரி எம்ப்ரஸில் இறுதிச் சுற்று. உலகத்தின் முதல் ஆறு ஜோடிகள். பார்க்கப் பார்க்க மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நடுவிலே இவர் மேசைக்கு அடியில் காலை ஆட்டி அந்த மேஃபேரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வேறு ஒரு சுற்றுக்கு டிக்கெட் இருந்தது. அதை விட்டுவிட்டு டவருக்குப் போனோம்.

சேர்ந்து ஆடும்போது உங்களுக்குள் சண்டை வராதா?

வரும். "லீட் பண்ணுவது நானா நீயா?" என்பது நிரந்தரச் சண்டை. வகுப்பில் ஆசிரியர் ஒரு விதி வைத்திருக்கிறார்: தரையில் திருத்தம் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்ச் சொல். நாங்கள் அதை ஊர் சுற்றுவதற்கும் வைத்துக்கொண்டோம். கூகுள் மேப் அவர் கையில். தவறான தெருவில் திருப்பினாலும் அந்த இடத்தில் நான் வாய் திறக்கக் கூடாது. நாலாவது மாடி ஏறிய பிறகு பேசுவேன்.

பாரிஸில் எதற்கு?

லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வழியில்தானே. சேன் நதிக்கரையில், தினோ ரோஸ்ஸி தோட்டத்தில், படிக்கட்டு வைத்த சின்னச் சின்ன வட்ட மேடைகள் உண்டு. வெயில் கால மாலைகளில் ஒன்றில் டாங்கோ, ஒன்றில் சல்சா என்று யார் யாரோ வந்து ஆடுவார்கள். கட்டணம் இல்லை. ஆனால் அது அர்ஜென்டினா டாங்கோ. நாங்கள் கற்ற பால்ரூம் டாங்கோவுக்கும் அதற்கும் தாயாதி உறவுதான். கல் தரை வேறு. படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி பார்த்துவிட்டு வந்தோம். அழைப்புகூடக் கண்ணால்தான்: பார்ப்பார், தலையசைப்பார், எழுந்துவிடுவார்கள்.

வியன்னாவில் பெரிய நடன விருந்துக்குப் போனீர்களா?

மே மாதத்தில் அது கிடையாது. வியன்னாவின் நடன விருந்துப் பருவம் நவம்பர் 11-ல் தொடங்கினாலும் சூடுபிடிப்பது ஜனவரி, பிப்ரவரியில். அதற்குத்தான் போக வேண்டும் என்றால் குளிர்காலத்தில் தனியாகத் திட்டமிடுங்கள். நாங்கள் ஒரு நடனப் பள்ளியில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுத்தோம். வியன்னீஸ் வால்ட்ஸ் நிமிடத்துக்கு 60 பார், பாருக்கு மூன்று தட்டு, ஆக 180 தட்டு. நமக்குத் திஸ்ரம் புதிதில்லை. "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே ஆடினால் தாளம் தவறாது. தலைதான் சுற்றும். இடப்பக்கச் சுழற்சியில் மூன்றாவது நிமிடம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியை இவர் முணுமுணுப்பதைக் கேட்டு என்னவென்று விசாரித்தார். அடுத்த பாட்டில் அவரும் "தகிட" என்றார், 'ட'வை மட்டும் 'த' ஆக்கி.

பிராட்டர் சாலை 54-ல் வால்ட்ஸ் இசையமைப்பாளர் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் குடியிருந்த வீடு. 'நீல டேன்யூப்' வால்ட்ஸை எழுதியது அங்கேதான். கடைசி நாள் அவர் சமாதியைப் பார்க்க மத்தியக் கல்லறைக்குக் கிளம்பினோம். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கம் பக்கமாக அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் கல்லறைக்குப் போவது 71-ஆம் எண் டிராம். அதனாலேயே அந்த ஊரில் யாராவது இறந்துவிட்டால் "71-ல் ஏறிவிட்டார்" என்பார்களாம், விடுதிக்காரர் சொன்னார். டிராம் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். இவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி கேட்டார்:

"இந்தாம்மா, ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தாச்சுல்ல?"